கேட்போர் யாவர்?

கடிதம் எழுதுகிறவர் மனக்கண்ணால் ஒரு முகத்தைக் கண்டுகொண்டே எழுதுகிறார். அன்னைக்கு எழுதும்போது ஒரு நடை. அலுவலகத்து மேலதிகாரிக்கு எழுதும்போது வேறொரு நடை. மேடையில் பேசுகிறவரோ அவையை நேரிலேயே காண்கிறார். கேட்போரின் புருவம் சுருங்கினால் விளக்குகிறார். கொட்டாவி எழுந்தால் முடித்துக்கொள்கிறார். கைப்பேசித் திரையில் எழுதும் நமக்கு அந்த முகம் தெரிவதில்லை. முகம் தெரியாதவர்க்கு எழுதுகிறவரின் அறம் யாது? இம்மலரின் வாசகர்களோடு நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா இதுவே.

வினா புதிது, அதன் வேர் பழையது. பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்துக்கு உரியவை எட்டு என்று வகுத்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துக் கொள்வாரும் உண்டு என்று அவரே குறித்தார். இளங்கலை வகுப்பில் தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் மறந்தோம். எழுதியவர் யார், யாருக்காக, எப்போது, எந்த அவையில் என்பவற்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நம் முன்னோர் ஏன் கருதினர் என்பது நாற்பது வயதைக் கடந்த பிறகே நமக்கு விளங்கியது.

நாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். நாளும் கையொப்பமும் இல்லாத தாளைக் கோப்பில் சேர்க்க மாட்டோம். ‘நேற்று’, ‘நாளை’ என்று குறிப்பு எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். அலுவலகத்தில் இத்தனை ஒழுங்கோடு எழுதிய கை, வீட்டிற்கு வந்து கைப்பேசியை எடுத்ததும் அவ்வொழுங்கைக் கைவிட்டது.

அதற்கு ஒரு மகிழ்ச்சியும் காரணம். கணினியில் தமிழ் எழுதத் தொடங்கிய காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. ஒரு கணினியில் எழுதியது இன்னொன்றில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். 1999 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 1991 இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி பின்னர் எங்கும் பரவிக் கைப்பேசிக்கும் வந்தபோது, குடுபல்லியில் எழுதியதைக் கோலாலம்பூரில் படிக்க முடிந்தது. ஆந்திர மாநிலத்தின் எல்லைச் சிற்றூரில், பள்ளியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வளரும் பிள்ளைகளுடைய குடும்பங்களுக்கு இது சிறிய பேறன்று. வேலையின் பொருட்டு வந்து குடியேறிய நம்மவர் சிலர் ஒரு குழு அமைத்தோம். செய்திகளை நல்ல தமிழில் எழுதித் தரும் பணியை நாமே விரும்பி ஏற்றோம்.

சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தை அடுத்துள்ளது எங்கள் ஊர். ஒருமுறை பாதைப் பணிக்காகக் காலை வண்டி ஒரு நாள் நிறுத்தப்படுவதாக அறிந்தோம். “நாளைக் காலை வண்டி ஓடாது, பயணத்தைத் தள்ளி வைப்பீராக” என்று குழுவில் எழுதினோம். செய்தி உண்மை, பலருக்கு அன்று பயன்பட்டது. நாமும் அதை மறந்தோம்.

நாம் மறந்தாலும் அச்செய்தி அழியவில்லை. ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது. போகும் வழியில் எழுதியவர் பெயர் உதிர்ந்தது. எழுதிய நாளும் உதிர்ந்தது. ‘நாளை’ என்ற சொல் மட்டும் அப்படியே நின்றது. சில வாரங்கள் கழித்து எங்கள் தெருவின் கோடியில் வாழும் முதிய அம்மையார் ஒருவரின் கைப்பேசிக்கு அது வந்தது. பேரன் படித்துக் காட்டினான். சோலையார்ப்பேட்டையில் நோயுற்றுக் கிடந்த தம் தமக்கையைக் காண மறுநாள் புறப்படவிருந்தவர் பயணத்தைத் தள்ளி வைத்தார். வண்டி வழக்கம்போல் வந்து சென்றது. அன்றிரவே தமக்கை காலமானார்.

துக்கம் விசாரிக்கச் சென்றிருந்தோம். “யாரோ படித்தவர்தான் எழுதியிருக்கிறார், தம்பி. தமிழ் அவ்வளவு நன்றாக இருந்தது. அதனால்தான் நம்பினேன்” என்றார் அந்த அம்மையார். எழுதியவர் நாமே என்று சொல்ல அன்று நா எழவில்லை.

பல இரவுகள் நமக்கு நாமே வழக்காடினோம். நாம் பொய் எழுதவில்லை. பெயரையும் நாளையும் உதிர்த்தவர் வேறு எவரோ. சரிபாராமல் நம்பியது படித்தவரின் குறை. இவ்வாறு மூன்று வாதங்கள் நம் பக்கம் இருந்தன. மூன்றும் ஓரளவு சரியே. ஆயினும் கிணறு வெட்டியவர், அதைச் சுற்றிச் சுவர் எழுப்பாமல் விட்டு, ‘விழுந்தவர் பார்த்து நடந்திருக்க வேண்டும்’ என்றால் ஊர் ஒப்புமா? நம் எழுத்து நம் கையை விட்டுப் போகும் என்பதை நாம் அறிவோம். அறிந்திருந்தும் அது தனியே போவதற்கு வேண்டியதை அதனோடு கட்டி அனுப்பவில்லை. குற்றம் அங்கே இருந்தது. நல்ல நடையும் அன்று தீங்குக்குத் துணை நின்றது என்பதே நம்மை மிகவும் வருத்தியது.

எங்களுக்கு நேர்ந்தது சிறிது, பெரியனவும் நேர்ந்துள்ளன. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதியில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று கருதி மக்கள் அடித்துக் கொன்றனர். கைப்பேசி வழியே பரவிய வதந்திகளே அந்த அச்சத்தை ஊர்களில் விதைத்திருந்தன. அவ்வாண்டு ஜூலையில், வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது. பொறி எண்ணிக்கையைத்தான் குறைக்கும். எழுதுகிறவரின் பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளாது.

நல்வழியும் நம்மிடையே உண்டு. 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி உலகத்துக்கு இலவசமாகத் தருகிறது. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி இப்பணியில் உழைத்தனர். அப்பதிப்புகளின் முகப்பில் தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்ற குறிப்பைக் காணலாம். பதிப்பு எங்குச் சென்றாலும் தன் பிறப்பைத் தானே சொல்லும். திரைக்கு எழுதப்பெற்ற பாயிரம் என்றே அதனை நாம் கொள்கிறோம்.

“திரைக்கு எழுதுவோர் சுருங்கச் சொல்ல வேண்டும், பாயிரத்துக்கு அங்கே இடம் ஏது?” என்று கேட்பவர் உண்டு. சுருக்கம் நன்றே. ஆனால் பயனற்ற அடைமொழியை நீக்குவது வேறு. வேண்டிய செய்தியை நீக்குவது வேறு. பின்னதைக் குன்றக் கூறல் என்று இலக்கணம் குற்றங்களுள் ஒன்றாகவே வைத்தது. ஒரு பெயருக்கும் ஒரு நாளுக்கும் வேண்டிய இடம் அரை வரி. அந்த அரை வரியை நாம் மிச்சப்படுத்தியதால் ஒரு தங்கை தன் தமக்கையின் முகத்தை இறுதியாகக் காண இயலாமற் போயிற்று.

பதினாறாம் நாள் கழிந்தபின் அந்த அம்மையாரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பேரன் தலைகுனிந்து நின்றான். பிறகு, “இனி எழுதினால் தேதி போட்டு எழுது, தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது எழுதி முடித்ததும் அனுப்புமுன் ஒருமுறை படிக்கிறோம். அதை நம் நண்பராகப் படிப்பதில்லை. நம்மை அறியாத ஒருவராக, எழுதிய நாளை அறியாத ஒருவராக, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன் ஒருவனின் வாயால் கேட்கும் மூதாட்டியாக இருந்து படிக்கிறோம். கேட்போர் யாவர் என்ற வினாவுக்கு நமக்குக் கிடைத்த விடை அவரே.