ஓர் இடம் யாருக்கு உரியது?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால் பங்குத்தந்தையரின் இல்லங்களில் கூட்டம் பெருகிவிடும். சாந்தோம் முதல் அடையாறு வரை, மதிப்பெண் பட்டியலை ஏந்திய பெற்றோர் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருவர். பொறியியல் வேண்டும் என்பார் சிலர். இயற்பியலோ வேதியியலோ கிடைத்தால் போதும் என்பார் வேறு சிலர். கடிதத்தில் நாம் எழுதுவது நான்கு வரிகளே. எனினும் அவ்வரிகளுக்குள் ஓர் அறநெறி வினா அடங்கியிருக்கிறது. ஒரு கல்லூரி இடம் யாருக்கு உரியது? மிகுந்த மதிப்பெண் பெற்றவருக்கா, நம் சமயத்தவருக்கா, அல்லது மிகுந்த தேவையில் இருப்பவருக்கா?

இவ்வினா சென்னைக்குப் புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி, அரசு நடத்திய மருத்துவ, பொறியியற் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டது. எஞ்சிய ஒன்று ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் பொதுவானது. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது.

அதற்கு முன்பே 1949-இல், சட்டமன்றங்களில் சமயச் சிறுபான்மையினருக்குத் தனி இடங்கள் வேண்டாம் என அரசியல் நிர்ணய சபை முடிவு செய்திருந்தது. லொயோலா கல்லூரியின் முதல்வராயிருந்த இயேசு சபைத் தந்தை ஜெரோம் டிசூசா அச்சபையின் உறுப்பினர். ஒதுக்கிய இடங்கள் போயின. ஆனால் விரும்பிய கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவின் வழியாகச் சிறுபான்மையினருக்கு உறுதியாயிற்று. நமக்குக் கிடைத்தது ஒரு சலுகையன்று, ஒரு பொறுப்பு.

அப்பொறுப்பை நம் முன்னோர் எவ்வாறு நிறைவேற்றினர்? பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் தந்தை சார்லஸ் ரசீன் 1939 முதல் லொயோலாவில் கணிதம் கற்பித்தார். சி. எஸ். சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும் அவருடைய மாணவர்கள். இருவர் பெயரையும் தாங்கிய 1965-ஆம் ஆண்டின் தேற்றம் உலகக் கணிதத்தில் நிலைத்துவிட்டது. சேஷாத்திரி 1989-இல் தியாகராய நகரில் தொடங்கிய கணிதப் பள்ளியே பின்னர் சென்னைக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அவ்விருவரும் கிறிஸ்தவர் அல்லர். ரசீன் அடிகளார் சமயம் பார்த்து அறிவைப் பகிர்ந்ததில்லை. 1947-இல் சாந்தோமில் தொடங்கிய ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியும் எல்லாச் சமயப் பெண்களுக்கும் கதவு திறந்தது. இது திருச்சபையின் பெருமை. இதை எவரும் குறைகூற இயலாது.

ஆயினும் மற்றொரு பக்கம் உண்டு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைச் சந்திப்பின் ஓரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்தவர் சூசை. சாலையோரச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியபோது அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலினத் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கியது, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை எனக் கூறி 1985-இல் அவர் மனுவை நீதிமன்றம் தள்ளியது.

சான்று யாரிடம் இருந்தது? கல்லறைகளிலும் பீடங்களின் முன்னும் கோடு கிழித்து வைத்திருந்த நம்மிடமே இருந்தது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம் அவ்வுண்மையை ஏற்றது.

நம் மாநிலத்தில் பட்டியலினத்திலிருந்து வந்த கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். நெடுங்காலமாய்க் கல்வி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளோடு அவர்கள் போட்டியிட வேண்டும். 2007-இல் தமிழக அரசு கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே 3.5 விழுக்காடு ஒதுக்கியது. முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகவே கிடைக்கிறது எனக் கண்டு, கிறிஸ்தவத் தலைவர்களே வேண்ட, 2008-இல் நம் பங்கு திரும்பப் பெறப்பட்டது. கணக்கின்படி அது சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் 'கிறிஸ்தவர்' என்ற ஒரே சொல்லுக்குள் மேலேறியவரும் ஏற இயலாதவரும் இருக்கின்றனர். சிறுபான்மைக்குள்ளும் ஒரு சிறுபான்மை உண்டு.

இங்கே அறநெறி இறையியல் நமக்கு உதவுகிறது. புனித தோமா அக்குவினாஸ் நீதியைப் பிரித்துக் காட்டினார். வாங்குவதற்கும் விற்பதற்கும் உரியது பரிமாற்ற நீதி. அங்கே அளவுக்கு அளவு. பொது நலன்களைப் பங்கிடுவதற்கு உரியது பகிர்வு நீதி. அங்கே ஒவ்வொருவரின் நிலையும் கருதப்பட வேண்டும். கல்லூரி இடம் மதிப்பெண்ணுக்கு ஈடாக விற்கப்படும் பொருளன்று. அது பகிரப்படும் பொது நன்மை. மதிப்பெண் ஒருவர் எவ்வளவு ஓடினார் எனக் காட்டும். எங்கிருந்து ஓடத் தொடங்கினார் எனக் காட்டாது.

திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மாலையில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை வேலைக்கு அழைக்க எவரும் இல்லை. தோட்டக்காரர் முழுநாள் கூலி கொடுத்தபோது முணுமுணுத்தவர்கள், தாங்கள் காலையிலேயே அழைக்கப்பட்டதே ஒரு கொடை என்பதை மறந்தனர்.

"தகுதி குறைந்தவர் கட்டும் பாலம் இடிந்துவிடாதா?" என்று சிலர் வினவுவர். இடம் என்பது நுழைவு மட்டுமே; பட்டம் அன்று. உள்ளே சென்றபின் எல்லோரும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுகின்றனர். எனவே, படிப்பைத் தாங்கும் ஆற்றல் உள்ளவர்களுள் தேவை மிகுந்தவருக்கே நம் பரிந்துரை முதலில் செல்ல வேண்டும். ஆற்றலைப் பாராமல் அனுப்புவது அம்மாணவருக்கே இழைக்கும் தீங்கு.

ஆனால் இடம் கிடைப்பதோடு கடமை முடிவதில்லை. கிண்டியை ஒட்டி 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும், அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் நம் ஆலயங்களுக்கு அருகிலேயே உள்ளன. தோல் தைத்த கைகளின் வாரிசு தோலின் வேதியியலை ஆராயும் கூடத்திற்குள் செல்ல எத்தனை ஆண்டுகள் தேவை? பட்டம், முதுகலை, முனைவர் ஆய்வு என ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். அத்தனை ஆண்டுகள் ஏழைக் குடும்பம் காத்திருக்க இயலாது. ஆகவே அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளையும் கிடைத்த முதல் வேலையில் அமர்ந்துவிடுகிறான். அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. தங்கையின் திருமணமும் தந்தையின் மருந்தும் அவன் சம்பளத்தை எதிர்நோக்கியுள்ளன. அவன் காத்திருக்கும் காலத்தில் அவன் வீட்டு அடுப்பு எரிவதற்குச் சமூகம் என்ன செய்தது என்பதே சரியான வினா.

பங்குகளில் திருவிழா வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகும் தொகையில் ஒரு பகுதி, ஓர் ஆய்வு மாணவியின் விடுதிக் கட்டணமாக மாறலாம். பட்டம் பெற்று உயர்ந்தவர்களும், தாங்கள் எந்த ஊரில், எந்த நாட்டில் இருந்தாலும், ஒன்றைச் செய்யலாம். ஆளுக்கு ஒரு மாணவரைத் தேர்ந்து, விண்ணப்பப் படிவம் நிரப்புவது முதல் நேர்முகத் தேர்வு வரை உடன் நிற்கலாம். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலைக் காணும் பிள்ளைக்குப் பணத்தைவிட அரிதாக இருப்பது, வழி தெரிந்த ஒருவரின் துணை.

பெற்ற இடம் நமக்கு உரிமையானது அன்று. நம் கையில் ஒப்படைக்கப்பட்டது. நமக்குப் பின் நிற்பவரை உள்ளே அழைத்துச் செல்லும்போதுதான் அதற்குரிய கடன் தீர்கிறது.