திருவைந்தெழுத்தும் பல்லும்

திருவைந்தெழுத்தின் பெருமையைப் பலகாலுங் கேட்டிருக்கின்றீர்கள். இன்று அவ்வெழுத்துக்கள் வாயிற் பிறக்குமாற்றைச் சிறிது கூறப் புகுகின்றோம். எழுத்துப் பிறத்தற்குரிய எட்டிடங்களுள் பல்லும் ஒன்றெனத் தொல்காப்பியனார் பிறப்பியலில் வகுத்தனர். நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்த நகரமும், மேற்பல்லுங் கீழிதழுந் தம்முட் கூட வகரமுந் தோன்றும். ஆகவே ஐந்தனுள் இரண்டு பல்லின் துணையை வேண்டி நிற்கின்றன.

யாம் நாற்பத்தைந்தாம் ஆண்டு நிரம்பியகாலை, பல் துலக்குந்தோறும் ஈறு குருதி கசிந்தது. நோவில்லை, பொருட்படுத்திலேம். நோவின்மையே இந்நோயின் வஞ்சம். பல்லடியிற் படிந்த அழுக்கு கல்லாயிறுகி ஈற்றை அழற்ற, பல்லைத் தாங்கும் எலும்பு ஓசையின்றிக் கரைகின்றது. கரைந்தது தானே வளர்வதில்லை. ஐம்பத்தெட்டாம் ஆண்டில் முன்வாய் மேற்பற்கள் இரண்டும் ஆடி வீழ்ந்தன. அற்றைநாட் பூசையிற் 'சிவாயநம' என வாய் திறந்தோம். வகரம் காற்றாய்ப் போயிற்று.

ஊழென்றனர் சிலர். ஊழின்மேற் பழியேற்றுதல் எளிது. ஏடு பார்க்குங்காற் சருக்கரையிட்ட காப்பியை நாளொன்றுக்கு ஆறுமுறை பருகினவர் யாமேயன்றோ? சருக்கரையின் அளவினும் அதனை அடுத்தடுத்து உட்கொள்ளலே பெருங்கேடு. ஒவ்வொரு முறையும் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிப்பாக்கிப் பல்லைக் கரைக்க, உமிழ்நீர் அப்புளிப்பை ஆற்ற அரைமணிக்கு மேலும் வேண்டும். அதற்குள் அடுத்த குவளை வந்துவிடும். நடுவயதில் ஈறிறங்கி வேர் வெளிப்படுதலின், பளிங்குபோன்ற மேற்பூச்சில்லாத அவ்விடம் விரைந்து சொத்தையாம். உறக்கத்தில் உமிழ்நீருங் குறையும். இரவிற் பல் துலக்காது படுத்த பிழையும் எமதே.

வெற்றிலைபாக்குப் பற்றியும் சொல்லவேண்டும். வழிபாட்டில் தாம்பூலம் படைப்பார் படைக்க. நாள்தோறும் மெல்லுதல் வேறு. புகையிலையின்றியும் பாக்குப் புற்றுநோயை விளைப்பதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். புகைப்பார்க்கு ஈற்றிற் குருதி குறைந்து தோன்றும்; அது நலமன்று, நோய் மறைந்திருத்தலேயாம். நீரிழிவுடையார்க்கு ஈறுநோய் மிகும். ஈறுநோய் மிகின் நீரிழிவும் எளிதில் அடங்காது. கரியுஞ் செங்கற்றூளுங் கொண்டு வன்மையாய்த் தேய்த்தலைத் தூய்மையென எண்ணற்க; அது பல்லின் கழுத்தைத் தேய்த்துவிடும். காலையும் இரவும் புளூரைடு கலந்த பசையால் மெல்லெனத் துலக்கலும், குருதி கண்ட அன்றே பல் மருத்துவரை அடைதலும் யாம் பிந்திக் கற்றவை.

பின்னர்ப் பொய்ப்பல் கட்டினோம். வகரம் மீண்டது. நகரம் மட்டும், நாநுனி தகட்டைத் தொடுதலின், இன்றுஞ் சற்றுத் தடித்தே ஒலிக்கின்றது.