வந்தியின் பங்கு

விடுமுறை நாட்களின் காலை வேளையில் ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் கூடி, கையுறை மாட்டிக்கொண்டு குப்பையை அள்ளி, வேலை முடிந்ததும் கரையிலேயே இட்லிப் பொட்டலங்களைப் பிரித்து வைத்து, பாட்டும் பேச்சும் புகைப்படமுமாகச் சற்று நேரம் களித்துவிட்டுக் கலைகின்ற இளைஞர்களைப் பார்த்து, "இது தொண்டா, இல்லை பிக்னிக்கா?" என்று கேட்கின்ற பெரியவர்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இன்று குறைவில்லை. கேள்வியில் ஏளனம் இருக்கிறது. ஆனால் ஏளனத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், அதன் அடியில் சமயவாதிகள் நெடுங்காலமாகத் தர்க்கித்து வந்த ஒரு பிரச்சினை கிடக்கிறது. உல்லாசத்தோடு செய்த காரியம் வழிபாடு ஆகுமா? செய்கிறவனுக்கு அதிலே சுகம் கிடைத்துவிட்டால் புண்ணியம் கழிந்து போய்விடுமா?

இப்படி விளையாட்டையும் தூய்மைப் பணியையும் கலப்பது நம் புறநகருக்கு மட்டும் உரிய விநோதம் அன்று. மலையேறும் ஆசை கொண்டவர்களின் கூட்டமாக 2008இல் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப், 2010 முதல் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக் கடற்கரையைச் சுத்தம் செய்து வந்திருக்கிறது. ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் 'பிளாகிங்' என்னும் பழக்கம் 2016இல் ஸ்வீடனில் தோன்றி, 2019இல் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் கையில் ஒரு பையோடு நடந்தபோது நம் ஊர்ப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே கேள்வி நிலைத்து நிற்கிறது. பதில் சொல்லியாக வேண்டும்.

பெரியவர்களின் கட்சியை முதலில் நியாயமாக எடுத்து வைத்துவிடுவோம். சைவ சித்தாந்தம் வகுத்த நான்கு நெறிகளில் முதற்படியாகிய சரியை என்பது உடம்பால் செய்யும் தொண்டு. திருக்கோயிலை அலகிடுதலும் மெழுகிடுதலும் புல் செதுக்குதலும் அதன் அங்கங்கள். புல் செதுக்கும் கருவியாகிய உழவாரத்தைக் கையை விட்டு இறக்காத திருநாவுக்கரசர் அதற்கு இலக்கியம். நீர்நிலைத் தொண்டுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி வேண்டுமானால், திருவாரூரிலே கண்பார்வையற்ற தண்டியடிகள் குளத்தின் நடுவிலும் கரையிலும் தறி நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்து திருக்குளத்தை அகலமாக்கினார் என்று பெரியபுராணம் பேசுகிறது. அந்தக் கயிற்றின் மேல் ஊர்ந்த கையில் எங்கே இருந்தது கேளிக்கை? தன்னை மறந்து செய்வதே தொண்டு என்றும், நல்ல காற்றும் தேகப்பயிற்சியும் நண்பர் கூட்டமும் பெற்றுக்கொண்டு செய்வது கூலி வேலை என்றும், பலனைத் துறந்து கருமம் ஆற்று என்ற கீதையின் உபதேசத்துக்கு அது முரண் என்றும் அவர்கள் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதத்துக்கு ஆக்ஷேபம் சொல்லவும் நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கூவம் ஆறு சுற்றிச் செல்கின்ற திருவேற்காட்டிலேயே ஒருவர் பிறந்திருக்கிறார். அடியவர்களுக்கு அமுது படைத்துப் படைத்தே செல்வமெல்லாம் கரைந்து போன பிறகு, தமக்குத் தெரிந்த சூதாட்டத்தையே முதலாக்கி, உள்ளூரில் எதிராட ஆள் அகப்படாமல் போகவே ஊர் ஊராகச் சென்று ஆடி, வென்ற பொருளால் அன்னமிட்ட மூர்க்க நாயனார்தாம் அவர். பெரியபுராணத்தில் சேக்கிழார் அவர் வரலாற்றைப் பாடும்போது எதைக் கவனித்துச் சொல்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்: வென்ற பொருளை நாயனார் தம் கையால் தீண்டவில்லை, சமையற்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், எல்லோரும் உண்டு முடிந்த கடைசிப் பந்தியில்தான் அவர் உட்கார்ந்தார். ஆட்டத்தில் அவருக்கு இன்பம் இருந்ததா என்ற விசாரணையே அங்கே இல்லை. (இணையவழிச் சூதாட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கும் இன்றைய தமிழ்நாட்டில் இந்த நாயனாரை முன்னுதாரணமாகக் காட்டுவது சற்றே சங்கடந்தான்.)

இதைவிடப் பெரிய சாட்சியம் ஒன்று உண்டு. அது மதுரையில் நடந்தது. வைகை கரை புரண்டபோது பாண்டியன் ஊர் முழுவதற்கும் கரையை அளந்து பங்கிட்டு, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தத்தம் பங்கை அடைக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு மக்களும் இல்லை, சுற்றமும் இல்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை; ஆனாலும் அவள் பங்கு அவளுக்கு விதிக்கப்பட்டது. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு வந்த கூலியாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான், பாடினான், பிட்டைத் தின்றான், மர நிழலில் படுத்துத் தூங்கினான். பக்கத்துப் பங்குகள் எல்லாம் உயர்ந்தன, வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் மீதும் அரசி மீதும் அமைச்சர் மீதும் குதிரை மீதும் கருவிலிருந்த சிசு மீதும் விழுந்தது, கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைந்தான், கரை அடைபட்டது. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த கதை இது. இன்றும் ஆவணி மாதத்தில் மதுரையில் இதற்காகப் பிட்டுத் திருவிழா நடக்கிறது.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் கதாகாலட்சேபக்காரர்கள் கூலியாளாக வந்த இறைவனின் எளிமையிலேயே உருகி நின்றுவிடுகிறார்கள். ஆற்றுக்கரை வேலைக்கு வந்த கடவுள் அங்கே விளையாடினார் என்பதும், அந்த விளையாட்டைக் குற்றமாகக் கண்டவர்கள் கங்காணிகளும் அரசனுமே தவிர வந்தி அல்லள் என்பதும் அவர்கள் கவனத்தில் அதிகம் படுவதில்லை. ஆகவே கரையில் இட்லி தின்று பாட்டுப் பாடும் பையன்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை எல்லாம் அந்தக் கதையின் இன்னொரு பாதியைப் பற்றியது: பங்கு. வந்தி தன் பங்கு இன்னது என்று அறிந்திருந்தாள். ஆளனுப்ப வழியில்லையே என்று அழுதாளே தவிர, அது தன் பங்கே அல்ல என்று சொல்லவில்லை.

அந்தப் பங்கு வெறும் புராணக் கற்பனையும் அன்று. ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடித் தூர்வாரும் குடிமராமத்து முறை இந்தத் தொண்டை மண்டலத்து ஏரிகளையெல்லாம் காத்து வந்தது. அது தளர்ந்தபோது வெள்ளைக்கார அரசு 1858இல் கட்டாய வேலைச் சட்டம் ஒன்றைப் போட்டு ஊராரை வரவழைக்கப் பார்த்தது. 2017இல் தமிழக அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சட்டத்தாலும் திட்டத்தாலும் வேலை ஓரளவு நடக்கிறது. இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை என் கை என்ற உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை.

கூவத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை மேலே கொண்டுபோக முடியாது. கேசவரம் அணையருகே கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் இந்த ஆறு சுமார் 72 கிலோமீட்டர் ஓடி நேப்பியர் பாலத்தருகே கடலில் சேர்கிறது. அதன் பெயரைத் தாங்கிய கூவம் கிராமத்தில் திருஞானசம்பந்தர் பாடிய திருவிற்கோலம் இருக்கிறது. அங்கே மூலவர் தீண்டாத் திருமேனி, அர்ச்சகரும் தொடுவதில்லை. மேல்பாதி ஆறு இன்னும் வயலும் கிணறும் தோப்பும் சூழ்ந்த கிராமத்து ஆறுதான். கோடையில் மணலாகவும் மழையில் வெள்ளமாகவும் இருப்பதே தவிர அதற்கு வேறு நோய் அதிகம் இல்லை. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு அணைக்கட்டைத் தாண்டிய பிறகுதான் புறநகர்க் கழிவு வந்து சேரத் தொடங்குகிறது. அங்கிருந்து முகத்துவாரம் வரையுள்ள 32 கிலோமீட்டரைச் சீரமைக்கத்தான் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் வழியாக அறுநூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் வகுக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் நீராடி வழிபட்டதாகச் சொல்லப்படும் ஆறு இதுவே. மேலே தீண்டக் கூடாத தெய்வம், கீழே தீண்ட எவரும் விரும்பாத நீர்!

இந்த நீரில் இறங்குகிறவர்கள் எடுப்பது என்ன? ஆகாயத்தாமரையைத் துரட்டியால் இழுத்துக் கரைக்கு அப்பால் குவிக்க வேண்டும்; கரையோரத்திலேயே விட்டால் ஒரு மழையில் திரும்பவும் தண்ணீருக்குள் போய்ப் படர்ந்துவிடும். சீமைக்கருவேல வேரில் சிக்கிய சேலைத் துணியை இழுத்தால் சேற்றோடு கனத்து வரும், முடிச்சை அறுத்தால்தான் வரும். பால் கவர், பார்சல் சாம்பார் கவர், செருப்பு, தெர்மோகோல். இவையெல்லாம் எதிர்பார்த்தவையே. ஆனால் நான் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மஞ்சள் துணியில் பத்திரமாக முடிந்து வைத்த ஒரு மூட்டையைப் பிரித்தபோது, கண்ணாடி உடைந்த மூன்று சுவாமி படங்கள் வெளிப்பட்டன. குங்குமம் இன்னும் லட்சுமியின் நெற்றியில் ஒட்டியிருந்தது. மரச்சட்டம் ஒரு குவியல், கண்ணாடி ஒரு குவியல், பிளாஸ்டிக் ஒரு குவியல் என்று அதுவரை மளமளவென்று பிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே கைகட்டி நின்றுவிட்டார்கள். "அக்கா, சாமி படத்தை எதுல போடறது?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த அக்காவுக்கும் தெரியவில்லை. கடைசியில் படங்களைத் தனியே ஒரு வேப்ப மரத்தடியில் சாய்த்து வைத்தார்கள்.

இந்த மூட்டையை ஆற்றில் விட்டவர் நாத்திகர் அல்லர். உடைந்த படத்தைக் குப்பைத் தொட்டியில் போட மனம் கூசியவர். ஓடும் நீர் எல்லாவற்றையும் ஏற்றுப் புனிதமாக்கிவிடும் என்று நம்பியவர். புனிதம் என்ற எண்ணமே ஆற்றின் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. தீர்த்தத்துக்கு ஏது தோஷம் என்ற சமாதானத்தில், விநாயகர் சிலையின் சாயமும் பரிகாரத்துக்குக் கழற்றி விட்ட வேட்டியும் அதே நீரில் போய்ச் சேர்கின்றன. ஆற்றை வணங்கி அதை அசுத்தம் செய்யும் பக்தரையும், ஆற்றை வணங்காமல் விளையாட்டாக அதைச் சுத்தம் செய்யும் பையனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது வழிபாடு என்று கேட்டால், என் விடை பையன் பக்கமே. உழவாரம் செய்த காரியத்தை அவன் துரட்டி செய்கிறது.

ஆனால் அவனுக்கும் நான் நற்சாட்சிப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடத் தயாராயில்லை. ஞாயிறன்று கையுறையோடு சாக்கடை நீரில் நிற்கும் கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தருக்குச் சேவகர் என்ற பட்டம் கிடைக்கிறது. திங்களன்று கையுறையின்றி அதே நீரில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்கு அவர் பிறந்த சாதியே காரணமாகச் சொல்லப்படுகிறது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தும், சாக்கடைக் குழியில் உயிர்கள் போவது நிற்கவில்லை. நாவுக்கரசர் உழவாரத்தை விரும்பி எடுத்தார் என்பதனால்தான் அது தொண்டு ஆயிற்று. விரும்பாதவன் தலையில் பிறப்பின் பேரால் கட்டிய அதே வேலை கொடுமை. குப்பையை ஒரு காலை தொட்டுப் பார்த்தவர், அதை நாள்தோறும் தொடுகிறவரை வீட்டு வாசலில் எப்படி நடத்துகிறார் என்பதில்தான் அவர் தொண்டின் தரம் தெரியும்.

அந்த நாவுக்கரசரிடம் இன்னொரு குணமும் உண்டு; அதை உழவாரப்பணிக் குழுக்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. பல்லவ மன்னன் அழைத்து அனுப்பியபோது வர மறுத்தவர் அவர். நீற்றறைக்கும் யானைக்கும் கடலுக்கும் அஞ்சாதவர். புல் செதுக்கிய கையே அரசாணையைத் திருப்பி அனுப்பியது. பணிவும் எதிர்ப்பும் ஒரே ஆளிடத்தில் குடியிருந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்களை இன்று காண வேண்டுமானால் கொரட்டூருக்குப் போகலாம். 1964இல் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் கழிவும் குடியிருப்புகளின் சாக்கடையும் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குள் வந்தபோது, ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் அமைத்த அவ்வூரார் கரையில் இறங்கியதோடு நிற்காமல், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் படியையும் ஏறினார்கள். குப்பையை எடுக்க மட்டும் செய்து, குழாயை யார் திருப்பினார் என்று கேட்காவிட்டால், நாம் எடுக்க எடுக்கக் கழிவுக்காரனுக்கு இடம் ஒழிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு வெளியூர்ச் சாட்சியும் ஒன்று உண்டு. பஞ்சாபிலே சுமார் 160 கிலோமீட்டர் நீளமுள்ள காலி பேயின் ஆறு குருநானக்கின் வாழ்வோடு பிணைந்த புண்ணிய நதி. சாக்கடையாகிப் போன அதில் 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற சீக்கியத் துறவி இறங்கினார். கார் சேவை என்னும் உடலுழைப்புத் தொண்டு சீக்கியர்களுக்குப் பழக்கமான வழிபாடு. ஊர் ஊராக ஜனங்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர் அதோடு விடவில்லை. ஆற்றில் கழிவு கலந்த ஊர்களைத் தட்டிக் கேட்டு, கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்குத் திருப்பும் வழியையும் செய்து காட்டினார். 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய சேவையை வெறும் சமூகப்பணி என்று அங்கே யாரும் மதத்திலிருந்து பிரித்துப் பேசுவதாகத் தெரியவில்லை.

நம் வட்டாரத்துக்கே திரும்புவோம். பருத்திப்பட்டு ஏரிக்கு 2019இல் நடைபாதையும் படகும் பூங்காவும் வந்திருக்கின்றன. மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். நல்லதே. நீரோடு விளையாடாத சமூகத்துக்கு நீரின் மேல் பாசம் எங்கிருந்து வரும்? அங்கே நடக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: உங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய் எந்த ஏரியில் போய் விழுகிறது, அதில் யார் வீட்டுக் கழிவுக்குழாய் செருகியிருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பாருங்கள்; உங்கள் பங்கு அதுதான். ஐப்பசி மழைக்கு முன் அந்தத் தூரத்தை நண்பர்களோடு கூடி, பாடிக்கொண்டே வேண்டுமானாலும், சுத்தம் செய்யுங்கள். ஞாயிறு அது முடியட்டும். மறுநாள் திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அந்தக் குழாயைப் பற்றிய மனுவோடு வரிசையில் போய் நில்லுங்கள்.