கிரேஸ்: கொடைக்கும் நன்றிக்கும் ஒரே சொல்

ஆங்கிலத்தில் 'கிரேஸ்' என்பது இறையருள். நடனமாடுபவரின் நளினமும் கிரேஸ்தான். உணவுக்கு முன் சொல்லும் செபம், கோமகன்களையும் பேராயர்களையும் விளிக்கும் 'யுவர் கிரேஸ்', கெடு முடிந்த பிறகும் பணம் கட்டத் தரப்படும் சில நாட்கள், தேர்ச்சிக்கு ஓரிரண்டு மதிப்பெண் குறையும் மாணவருக்குப் போடப்படும் 'கிரேஸ் மார்க்' ஆகிய அனைத்துக்கும் அதே சொல். ஓசையில் மட்டும் ஒத்துப்போகும் தனித்தனிச் சொற்கள் அல்ல இவை. எல்லாம் 'கிராட்டியா' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை.

கிராட்டியாவின் அடிச்சொல் 'கிராட்டுஸ்'. உவப்பானது, வரவேற்கத்தக்கது என்பது அதன் பொருள். சமஸ்கிருதத்தின் 'கூர்த' என்னும் சொல்லும் இதற்கு உறவு. இரண்டுக்கும் புகழ்தல் என்ற பொருளுடைய ஒரே பழைய வேர். லத்தீனில் கிராட்டியா ஒருவர் காட்டும் தயவைக் குறித்தது. அத்தயவைப் பெற்றவர் சொல்லும் நன்றியையும் குறித்தது. இந்த இரட்டைப் பொருளே இச்சொல்லின் உயிர். ஆங்கிலத்தில் நன்றியுணர்வைக் குறிக்கும் 'கிராட்டிட்யூட்', விலையில்லாமல் தருவதைச் சுட்டும் 'கிராட்டிஸ்' இரண்டும் இதே குடும்பம். 'கிராட்டிஸ்' என்பதன் மூலப்பொருள் 'வெறும் நன்றிக்காக' என்பதே. கிரேஸ் மார்க் கொடுப்பவரின் பக்கத்துச் சொல். சாப்பாட்டு மேசையில் சொல்லும் கிரேஸ் பெறுபவரின் பக்கத்துச் சொல். உடலசைவின் நளினத்துக்கு இப்பெயர் வந்தது, அது காண்பவரின் உவப்பை ஈர்ப்பதால்.

கிரேக்கத்தில் இதற்கு இணையான சொல் 'காரிஸ்'. அழகு, தயவு, நன்றி மூன்றையும் அதுவும் சுமந்தது. கிரேக்கப் புராணத்தில் காரிஸ் தேவதைகள் மூவர். கைகோத்து வட்டமாக ஆடுபவர்கள். ஏன் மூவர் என்பதற்கு ரோமச் சிந்தனையாளர் செனகா, கொடைகள் பற்றிய தம் நூலில், அன்று வழங்கிய ஒரு விளக்கத்தைக் குறிப்பிடுகிறார்: ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தி பெறுகிறாள், ஒருத்தி திருப்பித் தருகிறாள். வட்டம் எங்கே அறுந்தாலும் அழகு கெடும். ஆனால் அந்த வட்டத்துக்குள் யாரை அனுமதிப்பது? தகுதியானவரைப் பார்த்துக் கொடு என்பதே அக்காலத்தின் பொதுவான அறிவுரை.

இங்கேதான் கிறித்தவத் திருத்தூதர் பவுல் முரண்பட்டார். உரோமையருக்கு எழுதிய மடலில், உழைத்தவனுக்குத் தருவது கூலி, அது கடன், காரிஸ் ஆகாது என்று பிரித்துக் காட்டினார். தகுதியற்றவருக்கும், பகைவருக்கும்கூட இறைவன் தருவதே காரிஸ் என்பது அவர் வாதம். அவர் கையாண்டது பழைய சொல்தான். தகுதி என்ற நிபந்தனையை மட்டும் அதிலிருந்து அகற்றிவிட்டார்.

அப்படியானால் மனிதனின் பங்கு என்ன? இவ்வினா 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடித்தது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் (354–430), தாம் செய்யவேண்டியதைக் கட்டளையிடுமாறும், அதைச் செய்யும் ஆற்றலையும் இறைவனே தருமாறும் தம் தன்வரலாற்று நூலில் வேண்டியிருந்தார். ரோமில் இருந்த பிரித்தானியத் துறவி பெலாஜியுஸுக்கு அந்த வரி பொறுக்கவில்லை. செய்ய இயலாததை நீதியான இறைவன் கட்டளையிடுவாரா? ஆற்றலும் அவரே தரவேண்டும் என்றால் சோம்பியிருப்பவன் மீது என்ன குற்றம்? நேர்மையான கேள்விகள் இவை. ஒழுக்கத்தில் அக்கறையுள்ள எவரும் கேட்டே தீரவேண்டியவை. அகஸ்டினின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது: நல்லதைத் தேர்ந்தெடுக்கும் விருப்பமே நோயுற்றிருக்கிறது, கைநீட்டிப் பெறும் எண்ணமும் ஒரு கொடைதான். 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் போதனையைக் கண்டித்தது. வினா மட்டும் அடங்கவில்லை.

13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொல்லிலிருந்தே தொடங்கினார். கிராட்டியாவுக்கு மூன்று பொருள்: ஒருவர் மீது கொள்ளும் அன்பு, அந்த அன்பால் இலவசமாகத் தரும் கொடை, கொடைக்குக் காட்டும் நன்றி. முதலாவதிலிருந்து இரண்டாவதும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதும் பிறக்கின்றன என்றார். இவ்விவாதத்தில் இதைவிடத் தெளிவான விளக்கம் அரிது. நன்றி கொடைக்குத் தரும் விலை அல்ல, கொடையின் விளைவு. மனிதனின் பங்கை அங்கே தேடினால் பெலாஜியுஸின் அச்சம் பாதி தீரும். ஆயினும் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1525-இல் மனித விருப்பம் கட்டுண்டது என்று எழுத, கத்தோலிக்கரின் ட்ரென்ட் சங்கம் 1547-இல் மனிதனின் இசைவையும் வலியுறுத்தியது. ஏசு சபையினருக்கும் தொமினிக்கன் சபையினருக்கும் மூண்ட இதே வழக்கை 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் தீர்ப்பின்றி முடித்துவைத்தார். லூதரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இவ்வினா பற்றிய ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 ஆனது.

தமிழ் வைணவத்திலும் இவ்வினா உண்டு. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிரும் ஏதேனும் செய்யவேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையின் நிலை. பிள்ளை உலகாசிரியர் வழிவந்த தென்கலைக்கோ தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியே உவமை. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் எனப்பட்ட இவற்றை ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ, இந்தியாவின் அருட்சமயம் பற்றிய தம் 1930-ஆம் ஆண்டு நூலில் கிறித்தவத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அதற்கு முன்பே ஜி.யு. போப் 1900-இல் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பில் 'அருள்' என்ற சொல் 'கிரேஸ்' ஆகியிருந்தது.

எதிர்த்திசையில், கிரேஸைத் தமிழாக்கியவர்கள் ஒரே சொல்லில் நிற்கவில்லை. சீர்திருத்தத் திருச்சபைகளின் 'கிருபை' இரக்கத்தின் பக்கம் சாய்கிறது. இன்றைய கத்தோலிக்க வழக்கான 'அருள்', உறவு பாராத கனிவு என்ற குறள் மரபை உடன் கொண்டுவருகிறது. பழைய கத்தோலிக்கர் மரியன்னைக்கான செபத்தைப் 'பிரியதத்த மந்திரம்' என்றனர். பிரியத்தால் தரப்பட்டது பிரியதத்தம். அக்வினாஸின் முதல் இரண்டு பொருள்களும் அதில் அடங்கிவிடுகின்றன. மூன்றாவதான நன்றி இம்மூன்று சொற்களிலும் இல்லை. ஆனால் தமிழின் 'நன்றி' கிராட்டியாவைப் போலவே இருபக்கமும் நின்ற சொல். 'செய்ந்நன்றி அறிதல்' என்ற குறள் அதிகாரத் தலைப்பில் அது செய்த நன்மையைக் குறிக்கிறது. இன்று அந்த நன்மையைப் பெற்றவரின் உணர்வைக் குறிக்கிறது.

காரிஸிலிருந்து பிறந்த இன்னொரு கிரேக்கச் சொல் 'யூகாரிஸ்தியா'. நன்றி செலுத்துதல் என்று பொருள். கிறித்தவ வழிபாட்டின் மையமான அப்ப, இரசப் பகிர்வுக்கு அதுவே பெயர். 'யூ' என்றால் நல், 'காரிஸ்' என்றால் கருணை. தமிழ்க் கத்தோலிக்கர் அதை 'நற்கருணை' என்கின்றனர். கிரேக்கப் பெயர் பெறுபவரின் நன்றியைச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் தருபவரின் கொடையைச் சொல்கிறது.