வந்தியின் பங்கும் வாசல் வடிகாலும்

மதுரையில் வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் பாதாளச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்தில் முடிகிறது. மழைநீர் வடிகாலோ, அதாவது தெருவில் விழும் மழையைத் தேங்கவிடாமல் கடத்துவதற்கென்றே கட்டப்பட்ட வாய்க்காலோ, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் பந்தல்குடி கால்வாய் வழியே வைகையையும் கிருதுமால் வழியே தெற்குக் கண்மாய்களையும் சென்று சேர்கிறது. ஆகவே வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயை வாசல் வடிகாலில் ஊற்றுபவர் ஆற்றில்தான் ஊற்றுகிறார்; இடையில் இருப்பது ஒரு மழை மட்டுமே.

அந்த ஒரு மழையின் இடைவெளியே அறச்சிக்கலை உண்டாக்குகிறது. செய்தவர் ஓரிடத்தில், கேடு வேறிடத்தில், நடுவே அதையே செய்த ஆயிரம் வீடுகள் என்று ஆகும்போது, ஒரு கரண்டி எண்ணெய் யாருடைய குற்றம் என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

இக்கேள்வியை மதுரையின் புராணமே ஒருவகையில் எதிர்கொண்டிருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறும் பிட்டுக்கு மண் சுமந்த கதையில், வைகை கரையை உடைத்தபோது அரிமர்த்தன பாண்டியன் உடைப்பை அடைக்கும் வேலையை வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து பங்கிட, பிட்டு விற்றுப் பிழைத்த, துணைக்கு ஆளற்ற கிழவி வந்திக்கும் ஒரு பங்கு விழுகிறது. உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பெற்று அவளுக்காக மண் சுமக்க வந்த இறைவன் சொக்கநாதர் மீது பாண்டியனின் பிரம்படி பட்டதும் அது எல்லா உயிர்மேலும் பட்டது என்பதையே உரைகாரர்களும் கதாகாலட்சேபக்காரர்களும் விரித்துப் பேசுவர். அதற்கு இணையாகக் கவனிக்க வேண்டியது அந்தப் பங்கு. இறைவன் வந்தும் வந்தியின் பங்கு தள்ளுபடியாகவில்லை; கூடையில் மண் சுமந்தே அது தீர்க்கப்பட்டது. எத்தனை வீடுகள் தம் பங்கை அடைத்தாலும் அடைக்காத ஓரிடத்தின் வழியே வெள்ளம் புகும் என்பதால், ஆற்றைப் பொறுத்தவரை சிறிய பங்கு என்று எதுவும் இல்லை.

கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாதபோது குற்றம் எப்படி வரும் என்று கேட்கலாம். மதுரையைச் சுற்றியுள்ள யானைமலையிலும் கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் தங்கிய துறவியரின் சமயம் இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தது. சமண நெறியில் கொல்லும் எண்ணத்தைப் போலவே கவனமின்மையும் இம்சைக்கு மூலம். அதனால்தான் துறவியர்க்கு விதித்த ஐந்து சமிதிகளில், அதாவது அன்றாடச் செயல்களில் காக்க வேண்டிய விழிப்புகளில், நடப்பதற்கும் பேசுவதற்கும் சமமாக, கழிவை உயிர்களுக்கு ஊறு நேராத இடம் பார்த்து விடுவதும் ஒன்றாக இடம்பெற்றது. கழிவை எங்கே விடுவது என்பதை ஒரு சமயம் இவ்வளவு உயர்வாக மதித்தது வியப்புக்குரியது. இல்லறத்தாரும் அதை மதிப்பதே முறை.

நடைமுறையில் இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. மிஞ்சிய எண்ணெயைப் பழைய தாளிலோ மணலிலோ ஊறவைத்துக் குப்பையோடு சேர்க்கலாம். வண்டியைத் தெருவில் சோப்பு போட்டுக் கழுவுவதை விட்டு, நுரைநீர் மண்ணில் சுவறும் இடத்தில் கழுவலாம். வாசல் தெளிக்கும் வழக்கம் அழகானதுதான். ஆனால் குப்பையை முறத்தில் அள்ளாமல் தண்ணீர் விட்டு வடிகாலுக்குள் தள்ளினால் அழுக்கு நீங்குவதில்லை, இடம் மாறுகிறது. அது போய்ச் சேரும் இடமும் தொலைவான கடல் அன்று. வைகை பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே முடிந்துவிடுவதால், மதுரை விடுவதை ஏற்பவை கீழ்ப்பகுதி ஊர்களின் வயல்களும் கண்மாய்களுமே.

வறண்ட மாதங்களில் தெருவிலும் வடிகாலிலும் படிந்த எண்ணெயையும் தூசியையும் முதல் மழையே பெருமளவில் அடித்துச் செல்கிறது. ஆவணி மூலத்தில் மதுரைப் புட்டுத்தோப்பில் வந்தியின் கதையை நிகழ்த்தும் புட்டுத்திருவிழா முடிந்து ஐப்பசி மழை வலுப்பதற்குள் சில வாரங்கள் கிடைக்கின்றன. அந்த வாரங்களில் ஒவ்வொரு வீட்டாரும் தம் வாசலை ஒட்டிய தெருவோரத்தைக் கூட்டி அள்ளித் தம் பங்கை அடைப்பாராக.