எத்தனை ஏ?

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் 1988இல் வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. அதுவரை சுங்கை வே பக்கத்துப் பிள்ளைகளை “எத்தனை ஏ?” என்றுதான் விசாரித்தோம். ஒரு காலத்தில் உச்சம் ஏழு ஏ, பிறகு எட்டு. அதை வாங்கியவருக்கு மாலை, பதாகை, பத்திரிகையில் படம். மலாய்க் கட்டுரையில் டி-யிலிருந்து சி-க்கு ஏறிய பிள்ளை பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தது.

இப்போது வகுப்பறை மதிப்பீடு, ஆறு அடைவுநிலைகள். இரண்டிலிருந்து நான்குக்கு வருவது லேசான ஏற்றமா? ஆனாலும் பரிசளிப்பு விழாப் பட்டியல் எழுத உட்கார்ந்தால், பேனா பழைய பழக்கத்தில் ஆறாம் நிலையைத்தான் தேடுகிறது. போன ஆண்டு விரல்விட்டுக் கூட்டியவன் இந்த ஆண்டு மீதியோடு வகுக்கிறான். தொழிற்சாலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவன் அம்மாவும்தான் விழாவுக்கு வருகிறார்.