குழியில் இருப்பவருக்கு யார் முதலாளி?

ஏனாத்தூரில் என் பெரியப்பா நாற்பது வருஷமாகக் குழித்தறியில் பட்டு நெய்கிறார். "உங்க தொழில்ல ஆபத்து ஏதாவது உண்டா பெரியப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "உக்காந்து நெய்யறதுல என்னடா ஆபத்து?" என்று சிரித்தார். பிறகு ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் பெரியம்மா தோளையும் பிடித்துக் குழியிலிருந்து எழுந்தார். முழங்கால் நிமிர ஒரு நிமிஷம் ஆனது.

2023 மார்ச்சில் காஞ்சிபுரத்தை அடுத்த குருவிமலையில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் இறந்தபோது, யார் பொறுப்பு என்று அன்றைக்கே கேட்டோம். வெடித்தால் விபத்து. நாற்பது வருஷத்தில் மெல்லத் தேய்ந்தால் அதற்குப் பெயர் வயசு. நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்' என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இலேயே எழுதினார். பெரியப்பாவிடம் இதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை.

சட்டமும் கேட்காது. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி மின்விசையோடு 10 பேர், அது இல்லாமல் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று இருந்தது. 2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்தியது. பெரியப்பா வீட்டில் இரண்டே பேர். அவர் நெய்ய, கோர்வைக்கு ஓரத்து நாடாவைப் பெரியம்மா எறிவார்.

பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுக்கிற முதலாளியிடம் கேட்டால், "வீடு அவரோடது, தறி அவரோடது, நான் என்னங்க பண்றது?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிசைன் அவர் முடிவு. கூலி அவர் முடிவு. எந்த முகூர்த்தத்துக்கு முன்னால் புடவை இறங்க வேண்டும் என்பதும் அவர் முடிவு. ராத்திரி பத்து மணிக்கும் பெரியப்பாவைக் குழியில் உட்கார வைத்திருப்பது அந்த மூன்றும்தான். ஆபத்து யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்துப் பொறுப்பைக் கொடுக்கிறோம். யார் தீர்மானிக்கிறார் என்று பார்த்தல்லவா கொடுக்க வேண்டும்?

முதலாளிக்கும் மேலே கடைக்காரர் இருக்கிறார், அவர் விலையைக் குறைக்கச் சொல்கிறார் என்பீர்கள். உண்மைதான். அப்படியானால் பொறுப்பும் அந்தப் படிகளில் ஏறட்டும். ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்த பிறகு அது காணாமல் போய்விடக் கூடாது. முதுகுக்குச் சாய்மானம், ஈரம் ஏறாத குழி, நல்ல விளக்கு, நடுவில் எழுந்து நடக்க இடம் கொடுக்கிற கூலி. பெரிய செலவில்லை. ஆனால் இன்றைக்கு எல்லாமே பெரியப்பா கணக்கில்தான் இருக்கிறது.

போன தை மாசம் ஒரு கல்யாணத்துக்குக் காந்தி ரோட்டில் புடவை எடுத்தோம். பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்தது நான்தான்.